சக்கரம் வெச்ச ஊடு கட்டப் போறயாக்கும்?

ஏங் கண்ணு, நாலெழுத்து படிச்சே, ஏ.சி. ரூம்ல வேலைக்குப் போனே, இருவது வருசத் தவணைல ஊடும் கட்டினே. இப்ப அந்த ஊட்டப் பூட்டிப்போட்டு லாரிக்குள்ள குடியிருக்கோணும்ங்கறயே, உனக்கு என்ன கொறை?

கோவிச்சுக்காத. ஆசைப்படறது தப்பில்ல. நாமக்கல்லுப் பக்கம் பொறந்துபோட்டு வண்டி ஆசை இல்லீன்னாத்தான் சந்தேகப்படோணும். எனக்குச் சிரிப்பு வர்றது நீ கேக்கற கேள்விய நெனச்சு. "டாட்டாவா, லேலண்டா, போர்ஸா, இசுசூவா, எது தாத்தா கெத்து?"ங்கறே. எத்தனை பேரு போறீங்க, தண்ணி எத்தனை லிட்டரு, எந்த ஊருக்குன்னு திருப்பிக் கேட்டா மோட்டுவளையப் பாக்கறே. பொண்ணு யாருன்னே முடிவாகல, அதுக்குள்ள தாலி எத்தனை பவுனுன்னு பேசறயே!

உனக்கு மின்னாடியே லாரில குடித்தனம் பண்ணினவங்க நம்மூருல இருக்காங்க, தெரியுமா? திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரங்க. போர் போடற மிசினு ஒரு லாரில, கம்ப்ரசரும் பைப்பும் இன்னொரு லாரில. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான்னு கெளம்பினா மாசக்கணக்குல ஊருப் பக்கம் தல வெக்க மாட்டாங்க. அரிசி மூட்டை, ஒரு அடுப்பு, அலுமினியக் குண்டா, தண்ணிப் பேரலு, கொசுவலை. அம்புட்டுத்தான் சாமானம். அதுக்கு ஒருத்தரும் 'வேன் லைப்'புன்னு பேரு வெக்கல. ஊரு திரும்பினா திண்ணைல படுத்து ரெண்டு நாளைக்கு எந்திரிக்க மாட்டாங்க. உனக்கு என்னடான்னா அந்தத் திண்ணையே வேண்டாம்ங்கறே.

சரி, பாடி கட்டற பட்டறை வாசல்ல கயித்துக் கட்டல்ல படுத்துட்டு ஒரு ஆயுசையே கழிச்சவன் நானு. கேட்டுட்டே. சொல்றேன், கேட்டுக்க.

மொதல்ல எடை. பேரு அப்பறம். ஒவ்வொரு வண்டிக்கும் ரெண்டு எடை உண்டு. வெறும் வண்டி ஒண்ணு. எல்லாத்தையும் ஏத்தினா எத்தனை கிலோ வரைக்கும் ரோட்டுல போகலாம்ங்கறது இன்னொண்ணு. ரெண்டுக்கும் நடுவுல இருக்கறதுதான் உன்ற சொத்து. அந்தச் சொத்துக்குள்ளதான் பெட்டி, கட்டலு, தண்ணி, பேட்டரி, உன்ற சம்சாரம், அவ கொண்டார பை, அந்தப் பைய எடுக்க மறந்துட்டோம்னு நடுவழில திரும்பி வர்ற டீசலு, எல்லாம் அடங்கோணும்.

கணக்குப் போடு. தண்ணி ஒரு லிட்டரு ஒரு கிலோ, அதுல பேரம் பேச முடியாது. 200 லிட்டரு தொட்டி வேணும்ங்கறே, 200 கிலோ போச்சு. எட்டுக்கு நாலு பலகை, முக்கால் இஞ்சு கனத்துல, ஒண்ணே நாப்பது கிலோ கிட்டக்க வரும். அலமாரி, கட்டலு, தடுப்புன்னு ஒரு டசன் பலகை அறுத்தா அது ஒரு அரை டன்னு. இரும்புச் சட்டமும் தகரமும் இன்னொரு அரை டன்னு. கேஸ் சிலிண்டரு ரொப்பினா 30 கிலோ. நாலு பேரு ஏறினா 280 கிலோ, அதுவும் கல்யாண வீட்டுக்குப் போகாத நாளா இருந்தா. இதுக்கு மேல சமையல் மேடைக்குக் கிரானைட்டுக் கல்லு வேணுமாம் உனக்கு! சதுர அடிக்கு அஞ்சு கிலோ கண்ணு அது. கொல்லிமலைல 70 கொண்டை ஊசி வளைவு இருக்குது. ஒவ்வொரு வளைவுலயும் அந்தக் கல்ல உன்ற இஞ்சினு தூக்கோணும், எறங்கறப்ப உன்ற பிரேக்கு புடிக்கோணும். சுண்டக்கா காப்பணம், சொமகூலி முக்காப்பணம்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?

இப்பப் பாரு. லேலண்டு தோஸ்து, பொலேரோ பிக்கப்பு மாதிரி வண்டிக ஒண்ணேகாலு, ஒண்ணரை டன்னு சொமக்கற சாதி. மேல போட்ட கணக்குலயே அது முழி பிதுங்கிப்போகும். குட்டியானைய எடுத்து ஊடு கட்டறேன்னு ஒருத்தன் வந்தான். சாமி, நீயி கூடாரம் ஒண்ணு வாங்கி அதுல போட்டுட்டுப் போ, பின்னால மெத்தைய மட்டும் விரிச்சுக்கன்னு சொல்லி அனுப்பினேன். 407 வர்க்கத்து லாரின்னா ரெண்டு டன்னுக்கு மேல தாங்கும், பத்தடிக்கு ஆறடிப் பெட்டி கட்டலாம், வண்டிக்கும் மூச்சு முட்டாது.

407ங்கறது 1986ல வந்தது. அந்தக் காலத்துல சப்பான்காரங்களோட கூட்டுச் சேந்து சின்ன லாரிக வரிசையா எறங்குச்சு. டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிசான், சுவராஜ் மாஸ்டா, ஐஷர் மிட்சுபிசி. பாக்க மினுமினுன்னு இருக்கும். "சப்பான் இஞ்சினு, சத்தமே இல்ல"ன்னு அன்னிக்கும் உன்னையாட்டப் பசங்க டீக்கடைல பேசிட்டுத்தான் இருந்தாங்க. இன்னிக்கு ஆல்வின் நிசானுக்கு ஒரு சாமான் வேணும்னு கடைல கேட்டுப் பாரு, கடைக்காரன் உனக்கு மோரு குடுத்து உக்கார வெப்பான். கெத்துங்கறது ஷோரூம் வாசல்ல. பீகார்ல ஒரு சாயங்காலம் கிளட்ச் பிளேட்டு போனா, சந்து முக்குல இருக்கற மெக்கானிக்குக்கு எந்த வண்டி கைப்பழக்கமோ அதுதான் நல்ல வண்டி.

நீங்க ரெண்டே பேரு, வாரக் கடைசில மட்டும் போய்ட்டு வர்றதுன்னா லாரியே வேண்டாம். போர்ஸ் டிராவலரு வேனு இருக்குது. கூடு கம்பெனியே கட்டிக் குடுக்கறது, மழை ஒழுகாது, தாழ்வா இருக்கும், திருப்பத்துல ஆடாது. உள்ள கட்டலப் போட்டா முடிஞ்சுது சோலி. "அதுல என்ன தாத்தா பெருமை, நானே கட்டோணும்"ங்கறே. அப்படிச் சொல்லு. உனக்கு வேண்டியது ஊர் சுத்தறது இல்ல, கட்டறது. அதுவும் நல்ல பொழுதுபோக்குத்தான். ஆனா அத மொதல்லயே ஒத்துக்கிட்டா செலவு பாதியாகும்.

அப்பறம் நீ கேட்ட அந்த நாலு சக்கரமும் இழுக்கற வண்டி. ஏப்பா, நீ போன வருசம் போனதெல்லாம் எங்க? ஊட்டி, மூணாறு, கொடைக்கானலு. மூணுக்கும் அரசாங்க பஸ்ஸு போகுது. பஸ்ஸு ஏறாத எடத்துக்கு நீ ஏறப் போறயா? நாலு சக்கர இழுவைக்கு முன்னால ஒரு அச்சு எந்திரம், நடுவுல ஒரு பொட்டி, எல்லாம் சேந்து எடை ஏறும், அது உன்ற சொமைல இருந்து கழியும். சேத்துல மாட்டினா இழுத்துவுட டிராக்டர் இல்லாத ஊரு நம்ம சீமைல எங்க இருக்குது? ஸ்பிதிக்கு மார்கழில போறேன்னா சொல்லு, அப்ப நானே வாங்குன்னு சொல்றேன்.

அடுத்தது சர்க்காரு. இதுல சிரிக்க ஒண்ணுமில்ல, காதக் குடு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. கம்பெனி குடுத்த வெவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாதுங்கறது. 2019 சனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்திச் சொல்லிப்போட்டுது. சரக்கு வண்டின்னு பதிவு பண்ணினத வாங்கி, பின்னால கட்டலப் போட்டு, ஆளுகளப் படுக்க வெச்சுட்டுப் போனயின்னா, ஒண்ணு நடந்தா இன்சூரன்சுக்காரன் உன்ற மொகத்தக் கூடப் பாக்க மாட்டான். ஆனா சொந்த உபயோகத்துக்குக் கேம்பர் வேன்னு மத்திய அரசு வகைப் பட்டியல்லயே ஒரு இனம் இருக்குது. கேபினோட வெறும் சேஸ் எடு. பாடி கட்டறவன் தகுதி உள்ளவனாப் பாரு, அவன் படிவம் 22-ஏ குடுக்கோணும். சேஸுக்குப் பணம் கட்டறதுக்கு மின்னாடி வரைபடத்த எடுத்துட்டுப் போயி பிரேக் இன்ஸ்பெக்டரப் பாரு. கட்டி முடிச்சுப்போட்டுப் போயி நின்னா அவரு டேப்பப் புடிச்சு அளக்கறப்ப உன்ற வயிறு கலங்கும்.

எதுக்கு அளக்கறாருன்னா, பின் அச்சுக்குப் பொறத்தால நீட்டற நீளம் ரெண்டு அச்சுக்கும் நடுவுல இருக்கற தூரத்துல நூத்துக்கு அறுவது பங்குக்கு மேல போகக் கூடாது. படுக்கை இன்னும் ஒரு முழம் நீட்டிக்கலாம்னு நீ நீட்டினயின்னா, எப்.சி.யில அந்த ஒரு முழத்த அறுக்கச் சொல்லுவாங்க. மொத்த எடை 7500 கிலோவுக்குள்ள நிறுத்திக்க, சாதா கார் லைசென்சே போதும். மஞ்ச போர்டு வண்டிக்கும் அந்த எடைக்குள்ள தனி அனுமதி வேண்டாம்னு 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டுல அஞ்சு நீதிபதிங்க சேந்து தீத்துப்போட்டாங்க.

பெட்டிய சேஸ் மேல உக்கார வெக்கறதுதான் கைவேலை. நம்ம பசங்க வெல்டிங் கம்பிய எடுத்துட்டு நிப்பாங்க, "நாலு எடத்துல பத்த வெச்சுடறேனுங்க, அசையாது"ம்பாங்க. அங்கதான் நிறுத்தோணும். சேஸ் சட்டம் சூடு பட்டா அந்த எடத்துல பலம் போயிரும், அப்பறம் அங்கயே வெடிப்பு உடும். ராத்திரில ஒரு குழில வலது முன் சக்கரம் எறங்குதுன்னு வெச்சுக்க. சேஸ் முறுக்கிக்கிட்டுக் குடுக்கும், அது குடுக்கறதுக்குன்னே செஞ்சது. மேல இருக்கற உன்ற பெட்டி விறைச்சுக்கிட்டு நிக்கும். ரெண்டுக்கும் நடக்கற சண்டைல மொதல்ல அலமாரிக் கதவு தானாத் தொறக்கும். அப்பறம் அஞ்சறைப் பெட்டி பறக்கும். மஞ்சத்தூளு மெத்தை மேல. காலைல பாத்தா பெட்டியோட மூலைல தையலு பிரிஞ்சிருக்கும். அதனால அடிச்சட்டம் ஒண்ணு தனியாப் போட்டு, நடுவுல ரப்பரு வெச்சு, யூ போல்ட்டுல இறுக்கோணும். சேஸோட மேல் விளிம்புல, கீழ் விளிம்புல தொளை போடவே கூடாது. தண்ணித் தொட்டி, பேட்டரி ரெண்டும் ரெண்டு அச்சுக்கும் நடுவுல, தாழ்வா. பின்னால கொண்டு போயி வெச்சயின்னா முன் சக்கரம் லேசாகி, திம்பத்து மலைல ஸ்டேரிங்கு கையில நிக்காது.

இனி கரண்டு. இங்கதான் தம்பி நீ நெசமாவே ஆகாசத்துல பறக்கறே. "ஒரு டன்னு ஏ.சி., ராத்திரி பூரா, எல்லாம் சோலாருலயே"ங்கறே. ரசீது போட்டுப் பாப்பமா? ஒரு டன்னு இன்வெர்ட்டர் ஏ.சி. எட்டு மணி நேரம் ஓடுச்சுன்னா அஞ்சு யூனிட்டு தின்னும். பன்னெண்டு வோல்ட்டுல நூறு ஆம்பியர் லித்தியம் பேட்டரி ஒண்ணுல 1.28 யூனிட்டுத்தான் நிக்கும். அப்ப நாலு பேட்டரி வேணும், ஒரே ஒரு ராத்திரிக்கு. காலைல அந்த அஞ்சு யூனிட்டையும் திருப்பி ரொப்போணும். நம்ம பக்கத்து வெயிலுக்கு ஒரு கிலோவாட்டு பேனலு நாளைக்கு நாலு யூனிட்டு தரும்னு வெச்சுக்க, அதுவும் சூரியனப் பாத்துச் சாச்சு வெச்சா. உன்ற கூரைல படுத்துக் கெடக்கும். அதுபோக, சூடு ஏற ஏறப் பேனலு கொறைச்சுத்தான் குடுக்கும். சித்திரை வெயிலு கொளுத்துது, நெறையக் கரண்டு வரும்னு நீ நெனைக்கறே, அது அப்படி இல்ல.

சரி, கூரைய அளந்தயா? 540 வாட்டு பேனலு ஏழரை அடி நீளம், மூணே முக்கால் அடி அகலம். உன்ற கூரை பத்துக்கு ஆறு. ஒண்ணு வெச்சாச்சு. ரெண்டாவது எங்க வெப்பே? பக்கத்துல வெச்சா ஒண்ணரை அடி வெளிய நீட்டும், போற வர்ற பஸ்ஸு கண்டக்டரு தலையத் தட்டும். மிச்சம் இருக்கற எடத்துல ஏ.சி. பெட்டி வேற, படுத்துட்டு நட்சத்திரம் பாக்க நீ கேட்ட பலகை வேற. பகலெல்லாம் மரத்து நிழல்ல வண்டிய நிறுத்துவே, மேல பேனலு பட்டினி கெடக்கும். வெயில்ல நிறுத்தினா பேனலு திங்கும், நீ உள்ள வேகுவே. எது வேணும்?

சினிமா சூட்டிங்குல கேரவன் பாத்திருப்பே. உள்ள ஏ.சி. ஜில்லுன்னு இருக்கும். பின்னால போயி நின்னு பாரு, ஜெனரேட்டரு நாளெல்லாம் உறுமிட்டே நிக்கும். டீசலு தயாரிப்பாளரு கணக்குல. உனக்கு யாரு தயாரிப்பாளரு? உங்கப்பனா?

"அப்ப இஞ்சின ஓட்டிட்டே தூங்கறேன்"னு மட்டும் சொல்லிராத. சும்மா நின்னு ஓடற டீசல் இஞ்சினு மணிக்கு ஒரு லிட்டரு கிட்டக்கக் குடிக்கும். 2020க்கு அப்பறம் வந்த பி.எஸ்.6 வண்டிகள்ல பொகைய வடிகட்டற பில்டரு ஒண்ணு இருக்குது. நின்ன எடத்துலயே மணிக்கணக்கா ஓட்டினா அதுல கரி அடைச்சுக்கும். அதுக்கும் மேல, பொகை உள்ள வந்துச்சுன்னா காலைல எந்திரிக்க மாட்டே.

ஏ.சி.ய அடிச்சுப்போட்டுப் பாரு, கணக்கு எவ்வளவு அடக்கமாயிருது! பி.எல்.டி.சி. பேனு 30 வாட்டு. பத்து மணி நேரம் சுத்தினாலும் காலு யூனிட்டும் கொஞ்சமும். பன்னெண்டு வோல்ட்டு பிரிட்ஜு ஒண்ணு நாளைக்கு அரை யூனிட்டு. விளக்கு, செல்லு, லேப்டாப்பு எல்லாம் சேத்துக் காலு யூனிட்டு. ஆக ஒண்ணு, ஒண்ணேகாலு யூனிட்டுல குடும்பமே நடக்குது. 200 ஆம்பியர் லித்தியம் போட்டயின்னா ரெண்டு நாளைக்கு மழை பேஞ்சாலும் கவலையில்ல. மேல அந்த ஒத்தப் பேனலே போதும், மிச்சமும் ஆகும். புழுக்கமா இருக்குதுன்னா வண்டிய மலைக்கு ஓட்டு. சக்கரம் எதுக்கு வெச்சே? ஏ.சி.ய ஊருக்குக் கொண்டு போறதுக்குப் பதிலா குளுரு இருக்கற ஊருக்கு ஊட்டையே கொண்டு போலாம்ல?

லித்தியம் வேண்டாம், ஊட்டுல இன்வெர்ட்டருக்கு வெக்கற டியூப்ளர் பேட்டரி போதும்னு சொல்ற கெழவன் இல்ல நானு. அது 150 ஆம்பியரு அம்பது கிலோவுக்கு மேல கனக்கும், பாதிக்கு மேல எறக்கினா சீக்கிரம் சாகும், குலுங்கினா ஆசிட்டு சிந்தும், சார்ஜ் ஏர்றப்ப ஹைட்ரஜன் வாயு உடும். படுக்கற எடத்துல அது ஆகாது. லித்தியம் நூறு ஆம்பியரு பன்னெண்டு கிலோ கிட்டக்கத்தான். இதுல மட்டும் உன்ற காலம் எங்க காலத்த செயிச்சுது. ஒத்துக்கறேன். லடாக்குப் போனா ஒண்ணு நெனப்புல வெச்சுக்க. தண்ணி உறையற குளுருல லித்தியத்துக்குச் சார்ஜ் ஏத்தக் கூடாது, கெட்டுப்போகும். பேட்டரிய உள்ள, கட்டலுக்கடியில வை.

வண்டி ஓடறப்ப டைனமோல இருந்து சார்ஜ் ஏத்திக்கலாம். நேரா ஒரு ஒயர இழுத்து மாட்டிராத. லித்தியம் பசி எடுத்தா கெடைக்கறத எல்லாம் இழுக்கும், டைனமோ சூடாகிக் கருகிப்போகும். நடுவுல டி.சி. டு டி.சி. சார்ஜருன்னு ஒண்ணு வெக்கோணும். 30 ஆம்பியரு போதும். மூணு மணி நேரம் ஓட்டினா ஒரு யூனிட்டுக்கு மேல ஏறிரும். கொடைக்கானலு போய்ச் சேர்றதுக்குள்ள உன்ற ராத்திரிக் கணக்கு முடிஞ்சுது. ஓடற நாள்ல பேனலே தேவையில்லீன்னு ஆகுது பாரு.

இண்டக்சன் அடுப்பு? 2000 வாட்டு அடுப்புன்னா பன்னெண்டு வோல்ட்டுல 170, 180 ஆம்பியரு ஓடும். ஊட்டுக்குப் போடற ஒயருல அத உட்டா ஒயரே அடுப்பாயிரும். விரலு தண்டிக்கு ஒயரு வேணும், பேட்டரி முனைக்கு அரையடி தூரத்துக்குள்ள ப்யூஸு வேணும். பட்டறை எலக்ட்ரீசியன் "ப்யூஸ் எதுக்குங்க, நான் கட்டினது போகாது"ன்னு சொன்னா அவன உடனே மாத்து. எனக்குக் கேட்டா கேஸ் அடுப்பு வெளிய எறக்கி வெச்சுச் சமைக்கறதுதான் சரி. லாரி டிரைவருங்க அப்படித்தான் பண்றாங்க. ஒருத்தன் வெங்காயம் அரியறான், ஒருத்தன் டயரு தட்டிப் பாக்கறான், காத்தும் வருது.

குளிக்கற ரூமு பத்தி நான் ஒண்ணும் சொல்லல. பெட்ரோல் பங்க்குல பாத்ரூமு இருக்குது.

ஆக, குடும்பத்தோட மாசக் கணக்குல போறதுன்னா 407 வர்க்கம், ரெண்டே பேருன்னா கூடு கட்டின வேனு. 200 ஆம்பியர் லித்தியம், ஒரு பேனலு, ஒரு டி.சி. சார்ஜரு, ஒரு பேனு. ஏ.சி. கெடையாது. நாலு சக்கர இழுவை கெடையாது. கிரானைட்டுக்கு என்ற பட்டறைல எடமே கெடையாது. வெறும் சேஸ எடுத்ததும் நேரா எடை மேடைக்குப் போ. மொதல்ல முன் அச்சு மட்டும், அப்பறம் முழு வண்டி. ரெண்டு சீட்டையும் சட்டைப் பைல வெச்சுட்டு வா, பென்சில எடுத்து உக்காந்து கணக்குப் போடுவோம். சீட்டு இல்லாம வந்தயின்னா டீ உண்டு, பாடி கெடையாது.